எண் எங்கே பிறக்கிறது: குற்றவியல் நீதியை அளவுசார் முறையில் ஆராயத் தொடங்குவோருக்கு

2020ஆம் ஆண்டின் பெரும்பகுதியை இந்தியா ஊரடங்கிலும் கட்டுப்பாடுகளிலும் கழித்தது. கடைவீதிகள் அடைந்து கிடந்தன. ரயில்களும் பேருந்துகளும் வாரக்கணக்கில் ஓடவில்லை. ஆனால், அந்த ஆண்டுக்கான குற்றப் புள்ளிவிவரத் தொகுப்பைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 2021 செப்டம்பரில் வெளியிட்டபோது, நாட்டில் பதிவான வழக்குகள் முந்தைய ஆண்டைக் காட்டிலும் 28 விழுக்காடு கூடியிருந்தன. 2019இல் 51,56,158 ஆக இருந்த எண்ணிக்கை 2020இல் 66,01,285 ஆக உயர்ந்திருந்தது. வீட்டுக்குள் முடங்கிய ஒரு நாட்டில் குற்றம் கால் பங்குக்கும் மேலாகக் கூடியது எப்படி? குற்றவியல் நீதித் துறையை எண்களின் வழியே ஆராயக் கற்க விரும்புகிறவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. சூத்திரங்களுக்கும் மென்பொருளுக்கும் முன்னால் பழக வேண்டியவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

மொத்தத் தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அதே அறிக்கையைத் தலைப்பு வாரியாகப் படித்தால் விடை தெரியத் தொடங்கும். அரசு ஊழியர் முறைப்படி பிறப்பித்த உத்தரவை மீறுவது, 2024 ஜூன் வரை நடப்பில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 188ஆவது பிரிவின்படி குற்றமாக இருந்தது. அப்பிரிவில் 2019இல் 29,469 வழக்குகள் பதிவாயின. 2020இல் அது 6,12,179 ஆனது. தண்டனைச் சட்டத்தின் ‘இதர குற்றங்கள்’ என்ற தலைப்பில் 2,52,268 ஆக இருந்தது 10,62,399 ஆனது. ‘இதர மாநில, உள்ளூர்ச் சட்டங்கள்’ என்ற தலைப்பில் 89,553 ஆக இருந்தது 4,14,589 ஆனது. ஒரு தாளை எடுத்துக் கழித்துப் பாருங்கள். மூன்று தலைப்புகளிலும் கூடியவை முறையே 5,82,710, 8,10,131, 3,25,036. இவற்றின் கூட்டுத்தொகை 17,17,877. நாடு முழுவதும் எல்லாத் தலைப்புகளிலும் சேர்ந்து கூடியதோ 14,45,127 மட்டுமே. அப்படியானால், இந்த மூன்றையும் நீக்கிவிட்டு மற்ற எல்லாக் குற்றங்களையும் சேர்த்துப் பார்த்தால், அவை 2,72,750 குறைந்திருக்கின்றன. முகக்கவசம் அணியாதவர், தடையை மீறிக் கடை திறந்தவர், காரணமின்றி வண்டியில் சுற்றியவர் என்று ஊரடங்கு விதிகளை மீறியவர்கள் மீது போடப்பட்ட வழக்குகள்தாம் அந்த 28 விழுக்காட்டை உண்டாக்கின. பள்ளிக்கூடக் கூட்டல் கழித்தலைத் தாண்டி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ‘இந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?’ என்று கேட்கும் பழக்கம் மட்டும்தான் தேவைப்பட்டது.

அளவுசார் ஆய்வு என்பதை எளிமையாக இப்படிச் சொல்லலாம்: ஒரு கேள்வியை எண்ணவோ அளக்கவோ கூடிய வடிவத்துக்குக் கொண்டுவந்து, ஒரே விதத்தில் பலரிடமோ பல இடங்களிலோ அளந்து, கிடைத்தவற்றை ஒப்பிட்டு, அந்த ஒப்பீட்டை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்தே சொல்வது. கடைசிப் பகுதியைத் தொடக்கநிலையினர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். வேளாண்மையிலோ மருத்துவத்திலோ அளக்கப்படும் பொருள் பெரும்பாலும் கண்முன் இருக்கும். நெல்லை மூட்டையாக எடை போடலாம், காய்ச்சலை வெப்பமானியில் பார்க்கலாம். குற்றம் அப்படிக் கண்முன் நிற்பதில்லை. நடந்த நிகழ்வு ஒன்று, அதைப் பற்றிய தாள் வேறொன்று. நமக்குக் கிடைப்பது தாள்தான். அந்தத் தாள் எத்தனை கைகளைக் கடந்து அட்டவணைக்கு வருகிறது என்பதை அறியாமல் இத்துறையில் ஓரடிகூட எடுத்து வைக்க முடியாது.

தமிழ்நாட்டில் ஒருவருடைய இருசக்கர வாகனம் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். காவல் நிலையத்துக்குப் போவதா வேண்டாமா என்பது முதல் முடிவு. வண்டி பழையது, அலைச்சல் மிச்சம் என்று அவர் விட்டுவிட்டால் அந்தத் திருட்டு எந்த ஏட்டிலும் ஏறாது. காப்பீட்டுத் தொகை வேண்டுமென்றால் கட்டாயம் போவார். எழுதிக் கொடுத்த புகாருக்கு நிலையத்தில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று தருவார்கள். புகார் பெறப்பட்டது என்பதற்கு மட்டுமே அது சான்று. அதன் பிறகு முதல் தகவல் அறிக்கை, அதாவது எஃப்.ஐ.ஆர்., பதிவானால்தான் அந்தத் திருட்டு காவல்துறையின் கணக்கில் ஒரு வழக்காகும். சி.எஸ்.ஆரோடு நின்றுவிட்ட புகார்கள் ஆவணக் காப்பகத்தின் அட்டவணைக்கு வருவதில்லை. பிடிப்பதற்கு நீதிமன்ற ஆணை தேவைப்படாத குற்றம் நடந்ததாகத் தகவல் வந்தால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. குடும்பத் தகராறு, வணிகத் தகராறு, மருத்துவக் கவனக்குறைவு போன்ற சிலவற்றில் மட்டும் முன்விசாரணைக்கு இடம் தந்தது. இத்தகைய தீர்ப்பை எந்த மாநிலம் எவ்வளவு உறுதியாகப் பின்பற்றுகிறதோ, அவ்வளவுக்கு அந்த மாநிலத்தின் ‘குற்ற எண்ணிக்கை’ கூடித் தெரியும். புகாரைத் தட்டிக்கழிக்காமல் பதிவு செய்யும் மாநிலம் அட்டவணையில் மோசமான மாநிலமாகத் தோன்றுவது இதனால்தான். குற்றம் கூடுவதும் குற்றப் பதிவு கூடுவதும் இரு வேறு செய்திகள் என்று ஆவணக் காப்பகமே தன் அறிக்கையில் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைப் படிக்காமல் மாநிலங்களை வரிசைப்படுத்தி வெளிவரும் தலைப்புச் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. தன் வேலையைச் சரியாகச் செய்த காவல் நிலையத்துக்கு அது அவப்பெயரைத் தேடித் தருகிறது.

பதிவான பிறகும் எண்ணும் விதிகள் இருக்கின்றன. ஒரே எஃப்.ஐ.ஆரில் அத்துமீறி நுழைதல், கொள்ளை, கொலை என்று பல பிரிவுகள் இருந்தால், அவற்றுள் மிகக் கடுமையான தண்டனைக்குரிய குற்றத்தின் கீழ் மட்டுமே அந்த வழக்கு எண்ணப்படும். அதாவது, அது ஒரு கொலை வழக்காகும். அத்துமீறலும் கொள்ளையும் கணக்கிலிருந்து மறையும். ஆவணக் காப்பகத்தின் அட்டவணையைத் திறந்தால் பல பத்திகள் ஐ, வி, ஆர் என்ற மூன்று எழுத்துகளின் கீழ்ப் பிரிந்திருப்பதைக் காணலாம். ‘ஐ’ என்பது வழக்கு, ‘வி’ என்பது பாதிக்கப்பட்டவர், ‘ஆர்’ என்பது வீதம். ஒரே சம்பவத்தில் மூன்று பேர் கொல்லப்பட்டால் முதல் பத்தியில் 1 என்றும் இரண்டாவதில் 3 என்றும் சேரும். எனவே, ‘எத்தனை கொலைகள்?’ என்ற கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் உண்டு. எதை எண்ணுகிறோம் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். இப்படி ஒரு கருத்தை எண்ணத்தக்க வடிவில் வரையறுப்பதையே செயல்வரையறை என்பார்கள். ‘சட்டம் ஒழுங்கு’, ‘மக்களின் அச்சம்’, ‘நீதி தாமதம்’ என்று பேச்சில் புழங்கும் எதுவும் செயல்வரையறை பெறும்வரை ஆய்வுக்குரிய பொருளாவதில்லை.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ஓர் அளவுகோல் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அளந்தால் அதற்கு நம்பகத்தன்மை உண்டு. அளக்க வேண்டியதையே அளந்தால் அதற்கு ஏற்புடைமை உண்டு. காய்கறிக் கடைத் தராசு எப்போதும் கிலோவுக்கு 100 கிராம் குறைத்தே காட்டுகிறது என்றால், அது நம்பகமானதுதான், ஏற்புடையதாகாது. ஆனாலும் அந்தத் தராசு முழுக்கப் பயனற்றதும் ஆகாது; குறை மாறாமல் இருக்கும்வரை, நேற்றைவிட இன்று பூசணிக்காய் பெரியதா சிறியதா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். பெல்ஜியத்தைச் சேர்ந்த வானியலாளரும் புள்ளியியலாளருமான அடால்ஃப் கெட்லே 1830களிலேயே குற்றக் கணக்குகளைப் பற்றி இதையொத்த கருத்தை முன்வைத்தார். அறியவந்த குற்றங்களுக்கும், அறியவராதவற்றையும் சேர்த்த மொத்தக் குற்றங்களுக்கும் இடையிலான விகிதம் ஏறக்குறைய மாறாமல் இருக்கிறது என்று கொண்டால் மட்டுமே குற்றப் புள்ளிவிவரத்தால் பயனுண்டு என்பது அவர் வாதம். இன்றும் ஆண்டுக்கு ஆண்டு குற்றத்தை ஒப்பிடுகிறவர்கள், அறிந்தோ அறியாமலோ, இந்த ஊகத்தின் மேல்தான் நிற்கிறார்கள். 2020இல் தராசே மாறிப்போனது. அதனால்தான் 28 விழுக்காடு நம்மை ஏமாற்றியது. தராசு அவ்வளவாக மாறாத குற்றம் ஒன்று உண்டென்றால் அது கொலை. பிணம் கிடந்தால் மறைப்பது கடினம் என்பதால் அதன் பதிவு பெரும்பாலும் தப்புவதில்லை. 2019இல் 28,915 ஆக இருந்த கொலை வழக்குகள் 2020இல் 29,193 ஆயின. ஒரு விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவான மாற்றம். நாடுகளையும் காலங்களையும் ஒப்பிடும் ஆய்வாளர்கள் கொலையையே பெரிதும் நாடுவதற்குக் காரணம் இதுதான்.

பெண்களுக்கு எதிரான குற்றங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூர்மையாக வெளிப்படுகிறது. இவ்வகை வழக்குகள் 2019இல் 4,05,326 ஆக இருந்து 2020இல் 3,71,503 ஆகக் குறைந்தன, 8.3 விழுக்காடு சரிவு. அதே ஆண்டில் தேசிய மகளிர் ஆணையத்துக்கு வந்த புகார்கள் 19,730இலிருந்து 23,722 ஆகக் கூடின. ஒரே நாடு, ஒரே ஆண்டு, இரண்டு தராசுகள், எதிரெதிர் விடைகள். எதை நம்புவது? அடிப்பவனோடு ஒரே வீட்டில் அடைபட்ட பெண், பேருந்தும் ஆட்டோவும் இல்லாத நாளில் காவல் நிலையத்தை எப்படி அடைந்திருப்பாள் என்று எண்ணினால், முதல் எண்ணின் சரிவில் ஒரு பகுதியேனும் நிலையத்துக்குப் போகும் வழி அடைபட்டதன் விளைவாக இருக்கலாம். மறுபுறம், ஆணையம் 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் வழியாகவும் புகார்களைப் பெறத் தொடங்கியது. புகார் செய்வது எளிதானதாலும் இரண்டாவது எண் கூடியிருக்கலாம். ஆக, இரண்டு எண்களுமே வன்முறையை நேராக அளக்கவில்லை. வன்முறையும் புகார் செய்யும் வழியும் பின்னிப் பிணைந்த ஒன்றைத்தான் அவை அளக்கின்றன.

இந்தப் பின்னலைப் பிரிக்கும் வழிகளுள் ஒன்று, யாரும் புகாரோடு வரட்டும் என்று காத்திராமல் நாமே மக்களிடம் சென்று கேட்பது. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு 7,24,115 பெண்களைச் சந்தித்தது. வன்முறை பற்றிய கேள்விகள் அவர்களுள் ஒரு பகுதியினரிடம் மட்டும், ஒரு வீட்டில் ஒரு பெண் என்ற கணக்கில், பிறர் காதில் விழாத தனிமை உறுதியான பிறகே கேட்கப்பட்டன. மணமான அல்லது முன்பு மணமாகியிருந்த 18 முதல் 49 வயதுப் பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவனின் உடல்ரீதியான அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். ஏதேனும் ஒருவகை வன்முறைக்கு ஆளானவர்களில் யாரிடமாவது உதவி நாடியவர்கள் 14 விழுக்காடு மட்டுமே. அந்த ‘யாரிடமாவது’ என்பதில் தாய்வீடும் அண்டை வீடும்கூட அடங்கும். காவல்துறை ஏட்டுக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான தூரத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எண்ணை நான் அறியேன். ஆனால் கணக்கெடுப்புக்கும் குறைகள் உண்டு. வெட்கத்தாலும் அச்சத்தாலும் சொல்லாமல் விடுவோர் உண்டு, கொலையுண்டவரிடம் கேட்க முடியாது, ‘எப்போதாவது’ என்ற கேள்வி பத்தாண்டுகளுக்கு முன் நடந்ததையும் சேர்த்துக்கொள்ளும்.

சில ஆயிரம் பேரிடம் கேட்டுக் கோடிக்கணக்கானவர்களைப் பற்றிப் பேசுவது எப்படி என்று ஐயம் எழலாம். பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்ற பழமொழிக்குள் இதன் விடை பாதி இருக்கிறது. பானையை நன்றாகக் கிளறிய பிறகு எடுத்த சோறாக இருந்தால்தான் அது பதம் காட்டும் என்பது மறுபாதி. ஒவ்வொருவருக்கும் தேர்வாகும் வாய்ப்பு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டு, தேர்வு ஆய்வாளரின் விருப்பத்துக்கு விடப்படாமல் குலுக்கல் போல நடப்பதையே சமவாய்ப்பு மாதிரி என்கிறோம். அப்படி 400 பேரைத் தேர்ந்தெடுத்துக் கேட்டதில் பாதிப்பேர் ‘ஆம்’ என்றால், உண்மை பெரும்பாலும் 45க்கும் 55க்கும் இடையில் இருக்கும். 1,600 பேரைக் கேட்டால் அந்த இடைவெளி பாதியாகச் சுருங்கும். நான்கு மடங்கு உழைத்தால்தான் துல்லியம் இரு மடங்காகும் என்பது தொடக்கத்தில் ஏமாற்றமளிக்கும், ஆனால் பழகிக்கொள்ள வேண்டிய உண்மை. காவல் நிலைய வாசலில் நின்று, வருவோர் போவோரில் 10,000 பேரைக் கேட்டாலும் கிளறாத பானையின் மேற்சோறுதான் கிடைக்கும். எண்ணிக்கை பெருகினால் அந்தக் கோளாறு நீங்காது.

அடுத்தது வகுக்கும் எண். மாநிலங்களை ஒப்பிட வழக்குகளின் எண்ணிக்கையை மக்கள்தொகையால் வகுத்து, ஒரு லட்சம் பேருக்கு எத்தனை என்று வீதமாக்குகிறார்கள். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு வகுக்கும் எண் பெண்களின் தொகை மட்டுமே. அதன்படி 2020இன் வீதம் லட்சம் பெண்களுக்கு 56.5. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், வகுக்கப் பயன்படும் தொகை 2011 கணக்கின்மேல் கட்டிய மதிப்பீடு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வேறொரு நல்ல எடுத்துக்காட்டு, தண்டனை வீதம். ஆவணக் காப்பகம் தரும் தண்டனை வீதம், விசாரணை முடிந்த வழக்குகளில் எத்தனை தண்டனையில் முடிந்தன என்பதைச் சொல்கிறது. ஒரு நீதிமன்றத்தில் 1,000 வழக்குகள் இருந்து, 100 மட்டும் அந்த ஆண்டில் முடிந்து, 60இல் தண்டனை கிடைத்தால் வீதம் 60 விழுக்காடு. நிலுவையில் கிடக்கும் 900 அந்த எண்ணில் எங்கும் தென்படுவதில்லை. புகார் கொடுத்தவரின் கண்ணில் பார்த்தால் அந்த ஆண்டு தீர்ப்பைக் கண்டவர்கள் பத்தில் ஒருவர்தான்.

சிறைகளைப் பற்றிய எண்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. இதை நான் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஆண்டுக்கணக்கில் ஆய்வில் இருப்பவர்களும் இதில் தடுமாறுவதைக் கண்டிருக்கிறேன். 2022 டிசம்பர் 31 அன்று இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர். அவர்களில் 4,34,302 பேர், அதாவது 75.8 விழுக்காட்டினர், தீர்ப்புக்காகக் காத்திருக்கும் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் குற்றவாளி என்று தீர்மானிக்கப்படாமலே அடைபட்டிருப்பது கடுமையான உண்மைதான். ஆனால் இது ஒரு நாளில் எடுத்த நிழற்படம். ஆண்டு முழுவதும் சிறைக்குள் வந்தவர்கள் 15 லட்சத்துக்கும் மேல். அவர்களுள் பலர் சில நாட்களிலோ வாரங்களிலோ பிணையில் வெளியேறிவிடுகிறார்கள்.

ஒரு சிறிய கிளைச்சிறையைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே வாரம் ஒருவர் வந்து, சரியாக ஒரு வாரம் இருந்துவிட்டுப் பிணையில் போகிறார். ஆண்டுக்கு இப்படி 52 பேர். வேறு நால்வர் பிணை கிடைக்காமலோ, பிணைத்தொகை கட்ட வழியில்லாமலோ ஆண்டு முழுவதும் உள்ளேயே கிடக்கிறார்கள். டிசம்பர் 31 அன்று போய் எண்ணினால் ஐந்து பேர் இருப்பார்கள். அவர்களில் நால்வர், அதாவது 80 விழுக்காட்டினர், நெடுநாள் கைதிகள். அந்த ஆண்டு முழுவதும் அச்சிறையைக் கண்டவர்களை எண்ணினால் 56 பேர். அவர்களில் நெடுநாள் கைதிகள் அதே நால்வர்தான், ஏறத்தாழ 7 விழுக்காடு. இரண்டு எண்களும் உண்மை. முதலாவது இருப்பைக் காட்டுகிறது, இரண்டாவது வரத்தைக் காட்டுகிறது. குளத்து நீரையும் வாய்க்கால் நீரையும் ஒன்றாக எண்ணாத உழவருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. சிறை நெரிசலைக் குறைக்க வேண்டுமென்றால் இருப்பைப் பார்க்க வேண்டும். கைது நடைமுறை எத்தனை குடும்பங்களைத் தொடுகிறது என்று அறிய வேண்டுமென்றால் வரத்தைப் பார்க்க வேண்டும். கேள்வியை எழுதாமல் அட்டவணையைத் திறப்பவர், கையில் முதலில் அகப்படும் எண்ணைத் தன் கேள்வியின் விடை என்று எண்ணிக்கொள்கிறார்.

சிறிய எண்களிடமும் எச்சரிக்கை தேவை. ஒரு சிறு வட்டத்தில் சென்ற ஆண்டு 4 கொலைகள், இந்த ஆண்டு 6 என்றால், 50 விழுக்காடு உயர்வு என்று எழுதுவது கணக்குப்படி சரி. ஆனால் இத்தகைய அரிய நிகழ்வுகள் எந்தக் காரணமும் இன்றியே ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கத்தின் வழக்கமான அளவு ஏறத்தாழ எண்ணிக்கையின் வர்க்கமூலம். 4க்கு அது 2. எனவே 2 முதல் 6 வரை வருவது இயல்பு, 8 வந்தாலும் வியப்படைய வேண்டியதில்லை. 4,000க்கு அது 63தான். அங்கே 6,000 ஆனால் நிச்சயமாக ஏதோ நடந்திருக்கிறது. ‘மாற்றம் எதுவும் இல்லை, இது தற்செயல்’ என்று முதலில் வைத்துக்கொண்டு, அந்த ஊகத்தின்படி இத்தகைய தரவு கிடைப்பது எவ்வளவு அரிது என்று சோதிப்பதே இன்மைக் கருதுகோள் முறை. பாடநூல்களில் அச்சுறுத்தும் பெயர்களோடு வரும் சோதனைகளில் பலவும் இந்த ஒரே சிந்தனையின் பல வடிவங்கள்.

இதுவரை எண்ணுவதைப் பற்றிப் பேசினோம். ‘இதனால் இது நடந்தது’ என்று காரணம் சொல்ல முனையும்போது சிக்கல் வேறொரு தளத்துக்குப் போகிறது. குடும்ப வன்முறையில் ஈடுபட்டவரைக் கைது செய்தால் அவர் திருந்துவாரா, இன்னும் மூர்க்கமாவாரா? வழக்கமான ஆவணங்களை எடுத்து, கைதானவர்களையும் கைதாகாதவர்களையும் ஒப்பிட்டால் விடை கிடைக்காது. காவலர்கள் யாரை வேண்டுமானாலும் கைது செய்வதில்லை. கொடூரமாக நடந்தவரை, போதையில் எதிர்த்துப் பேசியவரை, முன்பும் சிக்கியவரைத்தான் பெரும்பாலும் கொண்டுபோகிறார்கள். அவர்கள் பின்னர் மீண்டும் அடித்தால், அது கைதின் விளைவா, அவர்களுடைய இயல்பா என்று பிரிக்க முடியாது. மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டவர்கள் வீட்டில் இருப்பவர்களைவிட அதிகமாக இறக்கிறார்கள் என்பதைக் கொண்டு மருத்துவமனையைப் பழிப்பது எவ்வளவு தவறோ, அவ்வளவு தவறு இது.

அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 1981 மார்ச் முதல் 1982 ஆகஸ்ட் வரை லாரன்ஸ் ஷெர்மனும் ரிச்சர்ட் பெர்க்கும் நடத்திய ஆய்வு இந்த முடிச்சைக் குலுக்கலால் அவிழ்க்க முயன்றது. காவலர்களுக்கு மூன்று நிறங்களில் கலந்து அடுக்கிய அறிக்கைத் தாள்களின் கட்டு கொடுக்கப்பட்டது. கடுமையான காயம் இல்லாத குடும்ப வன்முறைச் சம்பவத்துக்குச் சென்று, இருவரும் அங்கே இருந்தால், கட்டின் மேலே எந்த நிறத் தாள் இருக்கிறதோ அதன்படி நடக்க வேண்டும்: கைது செய்வது, அறிவுரை சொல்லி அமைதிப்படுத்துவது, அல்லது அடித்தவரை எட்டு மணி நேரம் வீட்டை விட்டு வெளியேற்றுவது. யாருக்கு எது என்பதைக் காவலரின் மனம் தீர்மானிக்காததால், மூன்று பிரிவினரும் சராசரியில் ஒத்தவர்களாகிறார்கள். பின்னர் வேறுபாடு தெரிந்தால் அதற்கு நடவடிக்கையைக் காரணமாகச் சொல்ல நமக்கு உரிமை வருகிறது. 314 சம்பவங்கள் ஆராயப்பட்டன. ஆறு மாதத்துக்குள் மீண்டும் வன்முறையில் ஈடுபட்டதாகக் காவல் ஆவணங்களில் பதிவானோர், கைதானவர்களில் 10 விழுக்காடு, அறிவுரை பெற்றவர்களில் 19, வெளியேற்றப்பட்டவர்களில் 24. பாதிக்கப்பட்ட பெண்களை நேரில் கேட்டபோது அவை முறையே 19, 37, 33 என்று வந்தன. ஏட்டுக்கும் வாழ்க்கைக்கும் உள்ள தூரம் இங்கேயும் தெரிகிறது. ஆனால் இரண்டு தராசுகளிலும் கைதுக்கே குறைந்த எண்.

நல்ல ஆய்வைப் படிக்கும்போதுதான் குறைகளைத் தேடிப் பழக வேண்டும். தாளின் நிறம் சொன்னபடி எல்லாரும் நடக்கவில்லை. கைது என்று விழுந்த 92இல் 91இல் கைது நடந்தது. அறிவுரை என்று விழுந்த 108இல் 84இல் மட்டும் அறிவுரை, வெளியேற்றம் என்று விழுந்த 114இல் 83இல் மட்டும் வெளியேற்றம். நிலைமை கைமீறிய இடங்களில் காவலர்கள் தங்கள் அறிவுக்கு எட்டியபடி கைது செய்தார்கள். மனிதராக அதைக் குறை சொல்ல முடியாது, ஆனால் குலுக்கலின் தூய்மை அங்கே கெடுகிறது. மொத்தச் சம்பவங்களில் 28 விழுக்காட்டை மூன்று காவலர்களே கொண்டுவந்தார்கள் என்பதால், இது நகரத்தின் விடையா அந்த மூவரின் விடையா என்ற கேள்வியும் எழுகிறது. தொடர் நேர்காணல்கள் அனைத்தையும் நிறைவு செய்த பெண்கள் ஏறத்தாழ பாதிப்பேர்தான். பதில் தராமல் போனவர்கள் ஒருவேளை மிகவும் துன்புற்றவர்களாக இருந்திருக்கலாம்.

மினியாபொலிஸின் முடிவு அமெரிக்கக் காவல்துறைகளின் கொள்கையில் விரைவாக இடம்பெற்றது. கைதைக் கட்டாயமாக்கும் சட்டங்களும் பல மாநிலங்களில் வந்தன. ஒரே நகரின் 314 சம்பவங்கள் அவ்வளவு பாரத்தைத் தாங்குமா என்ற ஐயத்தால், ஓமாஹா, சார்லட், மில்வாக்கி, மயாமி, கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆகிய இடங்களில் அதே ஆய்வு மறுபடியும் செய்யப்பட்டது. ஓமாஹாவிலும் சார்லட்டிலும் கைதால் குறிப்பிடத்தக்க பயன் தெரியவில்லை. மில்வாக்கியின் தரவை ஷெர்மனும் அவருடைய குழுவினரும் பிரித்துப் பார்த்தபோது, வேலையில் இருந்தவர்களிடம் கைதுக்குப் பின் வன்முறை குறைந்திருந்தது, வேலையற்றவர்களிடம் கூடியிருந்தது. இழக்க ஒரு வேலையும் அக்கம்பக்கத்தில் ஒரு மதிப்பும் உள்ளவனைத் தடுக்கும் கைவிலங்கு, அவை இல்லாதவனைச் சினமூட்டி அனுப்புகிறது என்று அதற்கு அவர்கள் விளக்கம் தந்தார்கள். இரு பிரிவையும் கலந்து சராசரி எடுத்தால் கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று விழுங்கி, கைதால் விளைவே இல்லை என்ற தோற்றம் வந்துவிடுகிறது. ஆகவே, எந்தச் சராசரியைக் கண்டாலும், அதைப் பிரித்துப் பார்க்கத் தக்க பிரிவுகள் எவை என்று தரவைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரவைப் பார்த்த பிறகு பிரிவுகளைத் தேடிப் போனால், இருபது விதமாகப் பிரித்ததில் ஏதேனும் ஒன்று தற்செயலாகவே பளிச்சென்று தெரியும்.